லேப்பில் விர்ச்சுவல் மெஷின் ஆன் ஆகவில்லையா? கோளாறு ஒளிந்திருக்கும் 5 இடங்கள்... பிராட்காம் முடிவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செமஸ்டர் தொடக்கத்தில் நன்றாக ஓடிய விர்ச்சுவல் மெஷின், செய்முறைத் தேர்வு நெருங்கும்போது ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது. "நான் எதையும் தொடலையே சார்" என்கிறார் மாணவர். பெரும்பாலும் அது உண்மைதான்!

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிளவுட் கம்ப்யூட்டிங் ஆய்வகப் பாடத்தில் முதல் பயிற்சியே, விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேர் மாதிரியான மென்பொருளை நிறுவி அதற்குள் வேறொரு இயங்குதளத்தை ஓட்டுவதுதான். அது ஓடாவிட்டால் அடுத்த பயிற்சிகளும் நின்றுவிடும். அப்படியானால் தவறு யாருடையது? வரிசையாகப் பார்க்கலாம்.

ஹைப்பர்வைசர் என்றால் என்ன?

ஒரே வீட்டைப் போர்ஷன் போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விடுவது மாதிரி, ஒரே கம்ப்யூட்டரின் பிராசஸர், ராம், டிஸ்க் மூன்றையும் பங்கு பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். ஒவ்வொரு போர்ஷனும் ஒரு விர்ச்சுவல் மெஷின்.

மாணவரே பார்க்கக்கூடிய 2 இடங்கள்

1. பயாஸ்: பிராசஸரில் விர்ச்சுவலைசேஷன் வசதி இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியுவை கிளிக் பண்ணினால் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி தெரியும். அது 'டிசேபிள்டு' என்றால், இன்டெல் கம்ப்யூட்டரில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற அமைப்பை பயாஸில் ஆன் செய்ய வேண்டும்.

2. விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர்: விண்டோஸ் 11-ல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருந்தால், பின்னணியில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது விர்ச்சுவல்பாக்ஸ் மிகவும் மெதுவாகிவிடும். ஜன்னலின் கீழே பச்சை ஆமைப் படம் வந்தால் காரணம் இதுதான். இதை அணைத்தால் வேகம் கூடும், ஆனால் பாதுகாப்பு குறையும். அதனால லேப் பொறுப்பாளரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

லேப் பொறுப்பாளர் பார்க்க வேண்டிய 2 இடங்கள்

3. டிஸ்க் கணக்கு: எடுத்துக்காட்டாக, 30 மாணவர்களுக்குத் தலா 40 ஜிபி டிஸ்க் என்றால் மொத்தம் 1,200 ஜிபி. ஆனால் 'தின் புரொவிஷனிங்' முறையில், 500 ஜிபி சர்வரிலும் இத்தனை மெஷின்களை உருவாக்கிவிடலாம். எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும் என்பதால் முதல் மாதம் எதுவும் தெரியாது. மாணவர்கள் ஃபைல்களையும் ஸ்நாப்ஷாட்களையும் சேர்க்கச் சேர்க்க ஒருநாள் இடம் தீர்ந்து, மெஷின்கள் அப்படியே நின்றுவிடும்.

விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் இன்னொரு கணக்கும் உண்டு. 4 ஜிபி ராம் உள்ள மெஷினை ஆன் செய்யும்போது, பொதுவாக அதே அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைலும் டிஸ்க்கில் உருவாகும். 30 மெஷினுக்கு 120 ஜிபி! அந்த இடம் இல்லை என்றால் மெஷின் ஆன் ஆகாது.

4. நெட்வொர்க்: ஒரு உபுண்டு மெஷினைத் தயார் செய்து, அதையே 30 நகல் எடுப்பதுதான் வழக்கம். மூல மெஷினின் 'மெஷின் ஐடி'யை முன்னதாக அழிக்காவிட்டால் 30 நகலுக்கும் ஒரே அடையாளம்தான் இருக்கும். டிஎச்சிபி சர்வர் அவற்றை ஒரே ஆள் என்று நினைத்து ஒரே ஐபி முகவரியைக் கொடுத்துவிடலாம். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போவார். முகவரி 169.254 என்று தொடங்கினால் கதையே வேறு: டிஎச்சிபி-யிடமிருந்து பதிலே வரவில்லை.

நிர்வாகம் பார்க்க வேண்டிய 1 இடம்

5. லைசென்ஸ்: ஈஎஸ்எக்ஸ்ஐ-யின் சோதனைக் காலம் 60 நாட்கள். அது முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் ஓடும். ஆனால் ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி ஆன் ஆகாது. செமஸ்டரின் முதல் வாரத்தில் நிறுவினால், இரண்டு மாதம் கழித்துப் பாதியில் சிக்கல் வருவது அதனாலதான்.

பிராட்காம் உள்ளே வருவது இங்கேதான். 2023 நவம்பரில் விஎம்வேரை சுமார் 6,900 கோடி டாலர் மதிப்பில் அந்த நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாகப் பயன்படுத்தும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ-யும் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் இலவசப் பதிப்பு திரும்பி வந்தது. ஆனால் பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டருடன் அதை இணைக்க முடியாது. ஈஎஸ்எக்ஸ்ஐ 7-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 2-ல் முடிந்துவிட்டது.

ஒரு ஆறுதல்: தனிக் கம்ப்யூட்டரில் ஓடும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ, 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம்.

மாறிவிட்டால் தீருமா?

லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் இருக்கும் கேவிஎம், அதை அடிப்படையாகக் கொண்ட ஆஸ்திரியாவின் புராக்ஸ்மாக்ஸ் ஆகியவை திறந்த மூல மென்பொருள்கள். லைசென்ஸ் கட்டணம் இல்லாமலே பயன்படுத்தலாம். லேப்புக்கு இவை போதுமானவை.

ஆனால் மாறினால் தீர்வது ஐந்தாவது சிக்கல் மட்டும்தான். பயாஸ், டிஸ்க், ஐபி முகவரிப் பிரச்னைகள் புராக்ஸ்மாக்ஸிலும் வரும். இடம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்ப்பதற்கு எந்த மென்பொருளும் மாற்று இல்லை.

அதனால் செமஸ்டர் தொடங்கும் முன்பே, 30 மெஷின்களையும் ஒரே நேரத்தில் ஆன் பண்ணிப் பாருங்கள். லைசென்ஸ் முடியும் தேதியையும் குறித்து வையுங்கள். அந்த ஒரு மணி நேர வேலையைத் தவறவிட்டால், அதற்கான விலையைத் தேர்வு நாளில் மாணவர்தான் மதிப்பெண்ணில் கொடுப்பார்.