பாறையில் வரைந்த டிசைனர்

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால், மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் குளித்துக் கரையேறும் கூட்டத்தில் ஒரு பகுதி சுந்தரபாண்டியபுரம் பக்கம் வண்டியைத் திருப்பும். தென்காசியிலிருந்து சுமார் 10 கி.மீ. சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளப் பதிவெண் கார்கள் வயலோரம் வரிசை கட்டும். அங்கே வருகிறவர்கள் விசாரித்துப் போகும் இன்னொரு இடம் ‘அந்நியன் பாறை’. எம்.ஜி.ஆர்., ரஜினி என்று திரை முகங்களைப் பாறை மீதே தீட்டியிருக்கிறார்கள். 2005இல் வந்த ‘அந்நியன்’ படத்தில் விக்ரமும் சதாவும் ஆடும் கிராமத்துப் பாட்டுக்காக அடித்த பெயிண்ட் அது.

குற்றாலத்துச் சித்திரசபையில் சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள் இருக்க, சினிமாப் பாறைக்கு இத்தனை மவுசா என்று உள்ளூர்ப் பெரியவர்கள் சலித்துக்கொள்ளலாம். நியாயம்தான். ஆனாலும் இந்தப் பாறைக்குப் பின்னால் உள்ள மூளை கவனிக்கத் தக்கது.

படத்தின் கலை இயக்குநர் சாபு சிரில். 1962இல் வால்பாறையில் பிறந்தவர்; சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். 1982 முதல் 1988 வரை, யாரிடமும் மாதச் சம்பளத்துக்குப் போகாமல் கிராஃபிக் டிசைனராகப் பிழைத்தார். சினிமா அப்புறம்தான் வந்தது.

அந்தப் பழைய தொழில் அவரை விட்டுப் போகவே இல்லை. கிராமத்துப் பாட்டு என்றால் ஸ்டூடியோவில் நாலு குடிசை போட்டு முடித்திருக்கலாம். அவரோ தென்காசி வட்டாரத்துத் தெருவையும் வீட்டுச் சுவர்களையும் லாரிகளையும் பாறையையும் ஒரே போஸ்டர் தாளாக நினைத்து வண்ணம் பூச வைத்தார். லேஅவுட் போட்டுப் பழகிய கைக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும்.

வண்ணம் மட்டுமல்ல, இயங்கும் பொருள்களைச் செய்வதிலும் அவருக்கு இருக்கும் பித்துக்கு ‘பாகுபலி’யே சாட்சி. பல்லாலதேவனின் ரதத்தில் கத்திகள் சுழலும் அல்லவா? அந்த ரதத்துக்குள் ராயல் என்ஃபீல்டு இன்ஜின் ஒன்றைப் பொருத்தி, ஸ்டீயரிங் வைத்து, ஓட்டுநரையும் உள்ளே மறைவாக உட்கார வைத்தார். திரையில் பார்க்கிறவனுக்குப் புராணகாலத் தேர். உள்ளே பக்கா மெக்கானிக் ஷெட்.

‘தேன்மாவின் கொம்பத்து’, ‘காலாபானி’, ‘ஓம் சாந்தி ஓம்’, ‘எந்திரன்’ என்று நான்கு படங்களுக்கு தேசிய விருது. ‘எந்திர’னில் ஷா என்ற சிறு வேடத்தில் தலைகாட்டியவரும் இவரே, அடுத்த முறை டி.வி.யில் போட்டால் கவனியுங்கள்.

செட் என்றால் ஷூட்டிங் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். தெர்மாகோலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் குப்பைக்குப் போகும், மரச்சட்டங்கள் அடுத்த படத்துக்குப் போகும். சுந்தரபாண்டியபுரத்துப் பாறையைப் பிரிக்க முடியாததால் அது மட்டும் ஊருக்கு மிஞ்சியது.

அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கும் தென்காசிப் பிள்ளைக்கு சாபு சிரில் படித்த அதே படிப்பில் ஆசை வந்தால் என்ன வழி? அரசு கவின் கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும்தான் இருக்கிறது. சென்னைக்கு என்றால் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். பெண்பிள்ளை என்றால் வீட்டில் பேச்சு அதோடு முடிந்துவிடும். தென்காசி தனி மாவட்டமாகி 2019 முதல் ஆண்டுகள் ஓடிவிட்டன. தெற்கே ஒரு கவின் கலைக் கல்லூரி வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இனியாவது வாய் திறந்து கேட்கட்டும்.