99 கிலோ ஸ்கூட்டர்: ஒரகடம் பக்கத்தில் தயாராகியும் ஆக்டிவாவை முந்த முடியாதது ஏன்?

ஒரகடம் அருகே வல்லம் வடகால் சிப்காட்டில் உள்ள யமஹா ஆலை 2015 முதல் இயங்குகிறது. இங்கே தயாராகும் ஃபசினோ 125, ரே இசட்ஆர் 125 ஸ்கூட்டர்களின் எடை வெறும் 99 கிலோ. ஹோண்டா ஆக்டிவா 105 கிலோவுக்கு மேல்.

இந்த 'லேசான வண்டி' ஃபார்முலா இந்தோனேசியா பக்கம் ஏற்கெனவே ஹிட். 2003-ல் அங்கே வந்த யமஹா மியோ முதலில் குறிவைத்தது பெண்களை. பிறகு ஆண்களும் வாங்க, கியர் வண்டிகள் பின்னுக்குப் போயின. ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டருக்கு அங்கே 'மேட்டிக்' என்றே பெயர்.

அதை அப்படியே இங்கே இறக்கினால் எடுபடாது. மியோவுக்கு 14 இன்ச் சக்கரம், ஒல்லி உடம்பு, சீட்டுக்கு அடியில் கொஞ்சம்தான் இடம். நம்மூரில் ஸ்கூட்டர் என்றால் காலடியில் கேஸ் சிலிண்டரோ அரிசி மூட்டையோ நிற்கணும். அதனால் ஃபசினோவில் சீட்டுக்கு அடியில் 21 லிட்டர் இடம் கொடுத்தார்கள். பின்சக்கரமோ 10 இன்ச்தான். சின்ன சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும். லாரிகள் ஓடி ஓடிப் பெயர்ந்த சிப்காட் சாலைகளில் இது சின்ன விஷயம் இல்லை.

தகடா, ஃபைபரா?

ஷோரூமில் பாடியைத் தட்டிப் பார்த்து நம்மவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆக்டிவாவின் பலமே தகடு பாடிதான். உண்மையில் வண்டியின் உறுதி உள்ளே இருக்கும் ஃப்ரேமில் இருக்கிறது, மேல் மூடியில் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. தகடு நசுங்கினால் டிங்கரிங் செய்து ஓட்டலாம். ஃபைபர் உடைந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

எடை குறைந்தால் லாபம் யாருக்கு? நெரிசலான பார்க்கிங்கில் வண்டியை இழுத்து எடுப்பவர்களுக்கு, சென்டர் ஸ்டாண்ட் போடத் திணறுபவர்களுக்கு. 2018-ல் வந்த அம்மா ஸ்கூட்டர் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தது. அதற்கு வைத்த வரம்பு 125 சிசி. எடையை யாரும் கேட்கவில்லை!

'ஹைபிரிட்' என்றதும் பேட்டரியிலேயே ஓடும் என நினைக்க வேண்டாம். வண்டி கிளம்பும் சில விநாடிகள் மட்டும் மோட்டார் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை தயாரான சுமார் 3 லட்சம் 125 சிசி ஸ்கூட்டர்களை, பிரேக் லீவர் பிரச்சினைக்காக யமஹா 2024 பிப்ரவரியில் திரும்ப அழைத்தது. பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அது மாற்றப்பட்டதா என சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.