முத்திரையில் இருப்பது சிவனுமில்லை, முப்பாட்டனுமில்லை

தொல்லியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று சொன்னதும் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி: "அந்தப் பசுபதி முத்திரை நம்ம சிவன்தானே?" கேட்பவர்களில் சங்கிகளும் உண்டு, நம் தோழர்களும் உண்டு. கவலை அதுதான்.

மொகஞ்சதாரோவில் 1928-29இல் எர்னஸ்ட் மெக்கே கண்டெடுத்த 420ஆம் எண் முத்திரை அது. ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் மாக்கல் துண்டு. கொம்பு வைத்த ஓர் உருவம் மேடையில் கால்மடக்கி உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. இது சிவனின் மூல வடிவம் என்று 1931இல் எழுதி வைத்தவர் ஜான் மார்ஷல் என்ற வெள்ளைக்காரர். காலனிய வரலாறு பொய் என்று கத்துகிறவர்கள் இந்த ஒரு வெள்ளைக்காரரை மட்டும் தலையில் வைத்துக் கூத்தாடுகிறார்கள்.

மூன்று முகம் என்றார் மார்ஷல். பக்கவாட்டில் இருப்பவை முகங்களல்ல, மாட்டுக் காதுகள் என்று 1975இல் டோரிஸ் சீனிவாசன் வாதிட்டார். பசுபதி என்கிறார்கள். வேதங்களில் 'பசு' என்றால் பெரும்பாலும் மாடு, ஆடு, குதிரை போன்ற வளர்ப்பு விலங்குகள். புலியையும் காண்டாமிருகத்தையும் எந்தத் தொழுவத்தில் கட்டினார்கள்? கொம்போ எருமைக்கொம்பு. எருமைத்தலையனை அசுரன் என்று குத்திக் கொன்ற புராணம், அதே கொம்பு வைத்தவனை இங்கே கடவுளாக்கிக்கொள்கிறது!

முதலில், முத்திரை எதற்கு? சரக்கு மூட்டையின் முடிச்சில் களிமண் அப்பி அதன்மேல் அழுத்துவதற்கு. லோத்தலில் கிடைத்த களிமண் பதிவுகளின் பின்புறம் துணி, கயிற்றுத் தடங்கள் அப்படியே இருக்கின்றன. ரூபாய் நோட்டில் சிங்கம் இருப்பதால் நாம் சிங்கத்தைக் கும்பிடுகிறோம் என்று யாராவது நாளை எழுதினால் எப்படி இருக்கும்? முத்திரைகளில் மிக அதிகமாக இருப்பது ஒற்றைக்கொம்பு விலங்கு. அதற்கு எந்தக் கோயிலும் இல்லை, எனவே அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பேசினால் அதுவும் குதிரையாகிவிடும். ராஜாராமும் ஜாவும் தங்கள் நூலில் 'குதிரை முத்திரை' ஒன்றைக் காட்டினார்கள். அது உடைந்த ஒற்றைக்கொம்பு முத்திரையின் கணினியில் மாற்றப்பட்ட படம் என்பதை 2000இல் விட்செலும் ஃபார்மரும் ஃபிரண்ட்லைன் இதழில் அம்பலப்படுத்தினார்கள்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 'ஆதித் தமிழ்ச் சிவன்' என்று அதே படத்தைப் பகிர்கிறோம். சிந்து மொழி திராவிட மொழியாக இருக்கலாம் என்பது வலுவான கருதுகோள். ஆனால் எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. படித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்ததே அதனால்தான். மொழி திராவிடம் என்றே நிரூபணமானாலும், அந்த உருவத்தின் பெயர் சிவன் என்று ஆகிவிடாது.

முதலில் வந்தவனுக்கே மண் என்று நாமும் பேசினால், பழமையைக் காட்டி உரிமை கேட்கும் சனாதனத்தின் தராசையே நாமும் தூக்குகிறோம். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தபோது, அதைக் குடித்தவர்களின் முன்னோர் எந்த ஆற்றங்கரையில் இருந்தார்கள் என்பதா கேள்வி?

அடுத்த முறை அந்தப் படம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தால், யார் அனுப்பியிருந்தாலும் சரி, அந்தக் கொம்பு எந்த விலங்கினுடையது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.