பைக்குக்கு காஸ்ட்லி ஷாக் அப்சார்பர் தேவையா? - ஒரு அலசல்

வேளச்சேரி பக்கம் ஒரு மெக்கானிக் கடை. சாயங்கால நேரம். கல்லூரி மாணவன் ஒருவன் ஆறு வருஷத்துப் பல்சரைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, இப்போது இவன் கைக்கு வந்திருக்கும் வண்டி. "அண்ணே, பின்னாடி ஷாக்க மாத்தணும். கோல்டு கலர், சைடுல டப்பா வெச்சது இருக்கும்ல.. அது." மெக்கானிக் பதில் எதுவும் சொல்லவில்லை. சீட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். வண்டி எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது, மறுபடி இறங்கியது. ஊஞ்சல்!

"தம்பி, உன் ஷாக்கு செத்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்" என்றார்.

விஷயம் மொத்தமும் இந்த ஒரு அமுக்கில் இருக்கிறது. புது ஷாக் போட்டவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "மாத்தினப்புறம் வண்டி மெத்தை மாதிரி போகுதுடா". பொய் இல்லை, போகும். ஆனால் எதோடு ஒப்பிட்டு? ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி, உள்ளே ஆயில் ஒழுகிப்போன பழைய ஷாக்கோடு. அதே இடத்தில் கம்பெனி ஷாக்கையே புதுசாகப் போட்டிருந்தாலும் மெத்தை மாதிரிதான் போயிருக்கும். அந்த ஒப்பீட்டை மட்டும் யாரும் செய்வதில்லை.

ஷாக் அப்சார்பரில் வெளியே தெரிகிற ஸ்பிரிங் பாதி வேலையைத்தான் செய்கிறது. எடையைத் தாங்குவது, பள்ளத்தில் அமுங்குவது அதன் பொறுப்பு. அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கும் குழாயும், ஆயிலும், சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள பிஸ்டனும். ஆயில் அந்த ஓட்டைகள் வழியாகக் கஷ்டப்பட்டு நுழைந்து போவதால்தான் வண்டி ஒரே ஒரு முறை எழுந்து அடங்குகிறது. ஆயில் கெட்டால், சீல் போனால், ஸ்பிரிங் மட்டும் மிச்சம். பளபளவென்று அப்படியே இருக்கும், பார்த்தால் எதுவும் தெரியாது. இது ஒரே நாளில் நடப்பதும் இல்லை. தினமும் பார்க்கும் குழந்தை வளர்வது வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத மாதிரி, தினமும் ஓட்டுகிறவருக்கு ஷாக் சாவது தெரியாது. ஊரிலிருந்து வந்த மாமா பின்னால் உட்கார்ந்து "என்னப்பா மாட்டு வண்டி மாதிரி இருக்கு" என்று சொல்லும்போதுதான் தெரியும்.

பின் ஷாக்குக்காவது இந்த மரியாதை கிடைக்கிறது. முன் ஃபோர்க் பாவம், யாரும் கண்டுகொள்வதே இல்லை. என்ஜின் ஆயிலைத் தேதி தவறாமல் மாற்றுகிறவரிடம் "ஃபோர்க் ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டால் முழிப்பார். அப்படி ஒரு ஆயில் இருப்பதே பலருக்குத் தெரியாது. அது பழசாகி நீர்த்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மூக்கு சடாரென்று குத்தும். தூசியும் மணலும் ஃபோர்க் குழாயில் ஒட்டி ஆயில் சீலை அறுத்துவிட்டால் இன்னும் ஆபத்து. கசியும் ஆயில் கீழே இறங்கும், கீழே இருப்பது பிரேக் டிஸ்க். டிஸ்க்கிலும் பேடிலும் ஆயில் பட்டால் முன் பிரேக் இருந்தும் இல்லாத கதைதான். தங்கக் கலர் ஷாக்குக்கு எட்டாயிரம், பத்தாயிரம் எடுத்து வைக்கத் தயாராக இருக்கும் பையனின் வண்டியில், சில நூறு ரூபாய் சீல் ஒழுகிக்கொண்டிருப்பது எத்தனை இடத்தில் நடக்கிறது! (சந்தேகம் இருந்தால் பார்க்கிங்கில் நிற்கும் பைக்குகளின் ஃபோர்க்கில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். வண்டிக்காரர் பார்க்காத நேரமாகப் பார்த்து..)

அடுத்தது, காசே இல்லாத வைத்தியம். பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளில் பின் ஷாக்கின் அடியில் படிப்படியாக ஒரு வளையம் இருக்கும். ஸ்ப்ளெண்டரில் ஐந்து படி. கொக்கி மாதிரி வளைந்த ஸ்பேனரால் திருப்பினால் ஏறும், இறங்கும். ஷோரூமில் வைத்த படியிலேயே பத்து வருஷம் ஓடுகிற வண்டிகள் ஏராளம். 50 கிலோ பையனுக்கும், 90 கிலோ அங்கிளுக்கும், பின்னால் மனைவி உட்கார்ந்து வரும் குடும்பஸ்தருக்கும் ஒரே படி எப்படிச் சரியாகும்? இதில் ஒரு தப்பான நம்பிக்கையும் உண்டு. படியை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதேதான். வண்டி நிற்கும் உயரம்தான் கொஞ்சம் கூடுகிறது, அதனால் கனம் ஏறும்போது பின்பக்கம் படுத்துவிடாமல் இருக்கும். பின்பக்கம் படுத்தால் ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருபவர் கண் கூசும், ஓட்டுகிறவருக்குச் சாலை தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

டயர் காற்றும் இதே கணக்குதான். பங்க்கில் காற்றுப் பிடிக்கிற பையன் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவை அடித்துவிட்டு "ஓகே சார்" என்பான். அளவுக்கு மேல் அடித்த டயர் கல் மாதிரி. அதன் மேல் எந்த நாட்டு ஷாக்கைப் போட்டாலும் குலுக்கும்.

சரி, வண்டி மேல் மட்டும்தான் தப்பா? நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரைச் சொல்லாமல் விட முடியுமா. இந்தியச் சாலை காங்கிரஸின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மேடு தெரியாமல் வளைந்து ஏறி இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நிம்மதியாகத் தாண்டலாம் என்பது கணக்கு. தெருவுக்குத் தெரு இருப்பது என்ன? ஒரு முழ அகலத்துக்குத் தாரைக் கொட்டி எழுப்பிய குட்டிச் சுவர். அதைத் தாண்ட ஷாக் அப்சார்பர் போதாது, கிரேன் வேண்டும்.

விலை கூடிய ஷாக் ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. அது வேறு வேலைக்குப் பிறந்தது. 1976ல் ஸ்வீடனில் தொடங்கிய ஓலின்ஸ் நிறுவனம் மோட்டோகிராஸ் பந்தயத்துக்காகச் செய்து பெயர் வாங்கியது. கரடுமுரடான பாதையில் ஷாக் விடாமல் வேலை செய்யும்போது ஆயில் சூடாகும், நுரைக்கும், நுரைத்தால் பிடி போய்விடும். அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன் அழுத்தம். பக்கத்தில் இருக்கும் டப்பா, அந்த வாயுவுக்கும் கூடுதல் ஆயிலுக்கும் இடம். லடாக் போகிறவருக்கு, ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது தேவை. தாம்பரத்திலிருந்து கிண்டி வரை சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற வண்டியில் ஆயில் எங்கே நுரைக்கப் போகிறது? அமுங்குவதற்கு ஒரு திருகு, எழுவதற்கு ஒரு திருகு என்று அதில் இருக்கும் வசதிகளையும் தெரியாமல் திருகினால் கம்பெனி ஷாக்கை விட மோசமாகத்தான் ஓடும். அந்தப் பெரிய பெயர் ஷாக்குக்குக் கொடுக்கும் காசில் ஒரு பழைய ஸ்ப்ளெண்டரையே வாங்கிவிடலாம் என்பது தனிக் கதை. விலை குறைந்த பக்கம் போனால், உள்ளே ஒன்றுமே இல்லாமல் அழகுக்கு டப்பா ஒட்டி வருவதும் சந்தையில் உண்டு.

இதை விடப் பெரிய தப்பு, வேறு மாடல் வண்டியின் நீளமான ஷாக்கை மாட்டுவது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு கெத்தாக இருக்கும். செயின் தளர்வு மாறும், சைடு ஸ்டாண்ட் எட்டாமல் வண்டி சாய்ந்து நிற்கும், வேகத்தில் ஹேண்டில் நிலை இல்லாமல் ஆடும்.

யாருக்குத்தான் மாற்றுவது நியாயம்? நல்ல கனமான ஆட்கள், தினமும் இரண்டு பேராகப் போகிறவர்கள், படியை முழுக்க ஏற்றியும் பள்ளத்தில் 'டக்'கென்று அடி வாங்குகிறவர்கள். இவர்களுக்குத் தங்கள் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் உள்ள ஷாக் போடுவது ஆடம்பரம் இல்லை. (மூன்று, நான்கு பேராகப் போகிறவர்களுக்கு ஷாக்கில் தீர்வு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 128வது பிரிவு ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம் கொடுக்கிறது.)

இன்னொரு கூட்டம் இருக்கிறது. முதுகில் பெரிய பையோடு காலையிலிருந்து ராத்திரி வரை சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள். கல்லூரிக்கு அரை மணி நேரம் ஓட்டுகிறவனின் குலுக்கலும் இவர்கள் வாங்கும் குலுக்கலும் ஒன்றல்ல. வருஷக்கணக்கில் உடம்பு குலுங்கினால் இடுப்பு வலி வரும் என்பது மருத்துவர்கள் எப்போதோ சொன்னது. இடுப்பு போனால் இவர்களுக்கு அன்றைய சம்பளமும் போச்சு. நியாயமாகப் பார்த்தால் பைக் வட்டாரத்தில் ஷாக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள் இவர்கள்தான். ஆனால் செத்த ஷாக்கோடு அதிகம் ஓடுவதும் இவர்கள் வண்டிகள்தான். இவர்களுக்குக் கூட நைட்ரஜன் டப்பா வேண்டாம். செத்ததும் ஒரு ஜோடி புது கம்பெனி ஷாக், நேரத்துக்கு ஃபோர்க் ஆயில், சரியான காற்று. அந்தச் செலவை வேலை கொடுக்கிற கம்பெனி ஏற்றுக்கொண்டால் குறைந்தா போய்விடும்?

வேளச்சேரி கடைக்கு வருவோம். மெக்கானிக் ஒரு ஜோடி கம்பெனி ஷாக்கைப் புதுசாக மாட்டினார், ஃபோர்க் ஆயிலும் சீலும் மாற்றினார், பின் டயரில் காற்றைக் குறைத்தார். பையன் தெருக்கோடி வரை ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தான். முகமெல்லாம் பல். எதிர்பார்த்ததில் பாதிக்கும் குறைவான பில். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றான்.

"அண்ணே.. அந்த டப்பா மட்டும் தனியா கிடைக்குமா?"