அழுதோம், பிறகு?

'ஜெய்பீம்' படத்தைத் தென்காசியில் வீட்டிலிருந்தே பார்த்தேன், அழுதேன். 1993இல் கம்மாபுரம் போலீசார் அடித்துக் கொன்ற ராஜாகண்ணு, குறவர், படத்தில் இருளர். பார்வதி அம்மாளும் வழக்கறிஞர் சந்துருவும் விடாமல் போராடியும் தண்டனை கிடைக்க 2006 ஆனது.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. 2020 ஜூனில், சாத்தான்குளம் நடந்த அதே மாதம், எங்கள் வீரகேரளம்புதூர் ஆட்டோ ஓட்டுநர் குமரேசன் இறந்தார். போலீஸ் அடித்ததுதான் காரணம் என்றது குடும்பம். அடுத்த மாதமே, கடையம் பக்கம் வாகைக்குளம் விவசாயி அணைக்கரை முத்து வனத்துறை விசாரணைக்குப் போய்ப் பிணமானார். குற்றாலத்துக்கு வண்டி கட்டிப் போகும் நமக்கு இந்த ஊர்கள் தூரமில்லை. அன்று நான் எங்கே போனேன்?

பார்வதிக்கு முதலில் துணை நின்றவர்கள் உள்ளூர்த் தோழர்கள். நீதிமன்றம் அதற்குப் பிறகுதான். தோழர்களே, அடுத்த முறை காவல் நிலைய வாசலில் ஒரு பெண் தனியாக நின்றால், நாமும் போய் நிற்போம்.