கப்பலை மீட்கிறார்கள், கப்பலோட்டியை?

திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு தேநீர்க் கடையில் நாம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் எட்டிப் பார்த்து, "என்ன ஐயா, கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடற்கொள்ளைச் சங்கதி படிக்கிறீர்கள்! நமக்கு மலையுண்டு, குளமுண்டு. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பரிகாசமாய்க் கேட்டார். அவர் கையிலிருந்த தேநீரைக் காய்ச்சிய எரிவாயுவும், அந்தக் கடையில் வடை சுட்ட பாமாயிலும், அவர் வேர்க்கடலைக்குப் போடும் பொட்டாஷ் உரமும் பெரும்பாலும் கப்பலேறி வந்தவை என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அவை தாமாக நடந்து வரவில்லை. கூலிக்கு உழைக்கும் மனிதர்கள் கொண்டுவருகிறார்கள். உலகத்துக் கப்பல்களில் வேலை செய்வோரில் ஏறக்குறையப் பத்திலொருவர் இந்தியர். அவர்களைக் கொள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போனால் யார் கேட்பது என்பதுதான் நமது கேள்வி.

முதலில், பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். மால்டா தேசத்துக் கொடியோடு ஓடிய 'ரூயென்' என்ற சரக்குக் கப்பலை 2023 டிசம்பர் 14-ல் சோமாலியக் கொள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு அதையே தாய்க் கப்பலாக வைத்துக்கொண்டு வேறு கப்பல்களைத் தேடிப் புறப்பட்டார்கள். 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படையின் 'கொல்கத்தா' யுத்தக் கப்பல், நமது கரைக்குச் சுமார் 2,600 கிலோமீட்டருக்கு அப்பால் அதை மறித்தது. கொள்ளைக்காரர்கள் சுட்டார்கள், வேவு பார்த்த ஆளில்லா விமானத்தையும் சுட்டு வீழ்த்தினார்கள். கடற்படையோ அவசரப்படாமல் அக்கப்பலை நகரவொட்டாது செய்து, ஆகாய விமானத்திலிருந்து கமாண்டோ வீரர்களைப் பாராசூட்டில் கடலில் இறக்கியது. 40 மணி நேரத்துக்குப் பின் 35 கொள்ளைக்காரர்களும் சரணடைந்தார்கள். 17 மாலுமிகளும் காயமின்றி மீண்டார்கள். அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூட இந்தியரல்ல. பல்கேரியர், பர்மியர், ஒரு அங்கோலியர். எந்தத் தேசத்தான், எந்த நிறத்தான் என்று கேளாமல் ஆபத்திலிருப்பவன் மனிதன் என்று மட்டும் பார்த்துச் செய்த காரியம் இது. இதை நாம் மனதாரப் புகழுகிறோம்.

இப்படிப்பட்ட காவல் 2008 முதலே நடந்துவருகிறது. அந்த வருஷம் ஏடன் வளைகுடாவில் கப்பல்கள் வரிசையாய்ப் பிடிபட்டபோது ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, சீனா, இந்தியா எல்லாம் யுத்தக் கப்பல்களை அனுப்பின. சரக்குக் கப்பல்கள் கூட்டமாய்ச் செல்ல ஒரு பாதை வகுத்தார்கள். கப்பலின் ஓரமெல்லாம் முள்கம்பி சுற்றினார்கள். கொள்ளைக்காரன் ஏறிவிட்டால் மாலுமிகள் ஓர் இரும்பு அறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டு செய்தி அனுப்ப வேண்டியது. கொள்ளைக்காரன் கையில் பணயமாக ஆள் அகப்படாவிட்டால் கமாண்டோ தைரியமாய் ஏறலாம் அல்லவா? 2024 ஜனவரியில் 'லீலா நார்ஃபோக்' கப்பலில் 15 இந்தியர் உள்பட 21 பேர் இப்படித்தான் உள்ளே இருந்தார்கள். 'சென்னை' என்ற நமது யுத்தக் கப்பல் போய் அவர்களை வெளியே கொண்டுவந்தது.

நிற்க, பிடித்த திருடனை என்ன செய்வது? நமது ஊர்ப் பௌர்ணமிக் கூட்டத்தில் ஜேப்படித் திருடன் கையும் களவுமாய் அகப்படுவதுண்டு. பணத்தைப் பறிகொடுத்தவர் வெளியூர்க்காரர். கோர்ட்டுக்கு அலைய முடியாது என்று பஸ் ஏறிவிடுவார். புகார் இல்லை, சாட்சி இல்லை. திருடன் அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி வந்துவிடுவான். கடலிலும் இதே கதைதான் நடந்தது. நடுக்கடலில் கொள்ளைக்காரனை எந்தத் தேசமும் பிடிக்கலாம், தன் கோர்ட்டில் விசாரிக்கலாம் என்று சர்வதேசக் கடல் சட்டம் சொல்லுகிறது. ஆனால் தன் நாட்டுக்குக் கொண்டுபோனால் செலவு, தொல்லை என்று பல கடற்படைகள் துப்பாக்கியைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டு ஆளைக் கரையில் விட்டுவிட்டன.

நமது நாட்டின் யோக்கியதை என்ன? 1999-ல் 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியர் கப்பலைக் கொள்ளையர் பிடித்து, அதன் 17 மாலுமிகளை ஒரு மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். நமது கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப்போய்க் கப்பலையும் 15 கொள்ளையரையும் பிடித்தன. மும்பைக் கோர்ட்டு 2003-ல் ஏழாண்டு தண்டனை விதித்தது; 2005-ல் ஹைகோர்ட்டில் எல்லோரும் விடுதலையானார்கள். கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் அப்போது நம்மிடம் கிடையாது. அச்சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது எப்போது தெரியுமா? 2022 டிசம்பரில்! பீரங்கி வாங்க அவசரம் காட்டிய சர்க்கார்கள் நாலு பக்கச் சட்டம் எழுத 23 வருஷம் எடுத்துக்கொண்டன.

சட்டமும் விசாரணையும் இல்லாத இடத்தில் துப்பாக்கி மட்டும் இருந்தால் சாகிறவன் யார்? 2008 நவம்பரில் நமது 'தபார்' யுத்தக் கப்பல் ஒரு கொள்ளைக் கப்பலை மூழ்கடித்தது என்று நாடெங்கும் கொண்டாட்டம். சில நாளில் தெரிந்தது, அது கொள்ளையர் பிடித்து வைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்று. உள்ளே பணயமாயிருந்த மீனவர்களில் ஒரே ஒருவர்தான் கடலில் மிதந்து உயிரோடு மீண்டார். எதிரி சுட வந்ததால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது கடற்படை. அது உண்மையாகவே இருக்கட்டும். செத்தவன் கொள்ளைக்காரனல்ல, வலை இழுத்தவன் என்பதும் உண்மைதானே?

2012 பிப்ரவரி 15-ல் கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலின் காவல் சிப்பாய்கள், ஒரு மீன்பிடிப் படகைக் கொள்ளைப் படகென்று நினைத்துச் சுட்டார்கள். இருவர் இறந்தார்கள். ஒருவர் கேரளத்தார், மற்றவர் நமது கன்னியாகுமரி ஜில்லாக்காரர். ஒன்பது வருஷ வியாஜ்யத்துக்குப் பிறகு, 2021-ல், 10 கோடி ரூபாய் நஷ்டஈட்டோடு நமது சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்தது. ஒரு நாள்கூட அவர்கள்மேல் கொலை வழக்கு விசாரணை இங்கு நடந்து முடியவில்லை.

இதைவிட நம்மை அதிகம் வருத்துவது 'அஸ்பால்ட் வென்ச்சர்' கப்பலின் கதை. 2010 செப்டம்பரில் அதைச் சோமாலியர் பிடித்தார்கள். கப்பலிலிருந்த 15 பேரும் இந்தியர். 2011 ஏப்ரலில் பணம் கைமாறியது. கப்பலை விட்டார்கள், 8 பேரை விட்டார்கள். 7 பேரை மட்டும் விடவில்லை. ஏன்? அந்த வருஷம் ஜனவரி முதல் மார்ச் வரை நமது கடற்படை நூறு கொள்ளையருக்கு மேல் பிடித்து மும்பைச் சிறையில் அடைத்திருந்தது. "எங்கள் ஆட்களை விடு, உங்கள் ஆட்களை விடுகிறோம்" என்றார்கள் கொள்ளையர். கொள்ளையரைப் பிடித்தது தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. பிடித்தால் இப்படி ஒரு விலை கேட்பான் என்பதை முன்கூட்டி யோசித்து, அந்த ஏழு பேருக்காக யார் பேசுவது, எப்படிப் பேசுவது என்று ஏற்பாடு செய்திருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறோம். 2014 அக்டோபர் கடைசியில்தான் அவர்கள் விடுபட்டார்கள். நான்கு வருஷத்துக்கு மேல்! இராஜேந்திரன் கடாரம் கொண்ட பெருமையை நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். இந்த ஏழு பேருக்காக அந்த நான்கு வருஷத்தில் எத்தனை மேடையில் குரல் எழும்பிற்று?

கொள்ளைக்காரனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் பிறவித் திருடனல்ல. பிறப்பினாலேயே சில வகுப்பாரைத் திருடரென்று எழுதிவைத்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை, நமது மாகாணத்தில் 1947-ல் ஒழித்த அனுபவம் நமக்குண்டு. 1991-ல் சோமாலியாவில் சர்க்கார் என்பதே இல்லாமல் போயிற்று. காவல் இல்லாத அந்தக் கடலில் அந்நிய இழுவைக் கப்பல்கள் புகுந்து மீனை வாரிக்கொண்டு போயின. பிழைப்பிழந்தவன் ஒருவன் படகிலேறினான்; அவனுக்குத் துப்பாக்கியும் முதலும் கொடுத்துப் பங்கு வாங்கும் முதலாளி கரையில் உட்கார்ந்திருந்தான். சிறையில் கிடப்பது படகில் வந்தவன். கரையிலிருந்த முதலாளியோ அநேகமாய் அகப்படுவதேயில்லை.

கப்பல் வேலைக்குப் போக ஏஜெண்டிடம் பணம் கட்டும் வாலிபர்களும் அவர்கள் பெற்றோரும் இரண்டு விஷயம் அறிந்துகொள்ள வேண்டும். ஆள் எடுக்கும் கம்பெனிக்கு மத்திய சர்க்காரின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் கொடுத்த லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். மாலுமி கொள்ளையர் கையில் சிக்கியிருக்கும் காலம் முழுதும் ஒப்பந்தம் நீடிக்கும், சம்பளமும் நிற்காது என்ற சர்வதேச விதி 2020 டிசம்பர் 26 முதல் அமலில் இருக்கிறது. அந்த வாசகம் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.