குட்டி போட்ட கோவேறு கழுதை

கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்த ஒன்றை நாம் 'குதிரைக் கொம்பு' என்போம். பழைய ரோமாபுரிக்காரர்களிடமும் இப்படி ஒரு பேச்சு இருந்தது. 'கடனை எப்போ திருப்பித் தருவாய்?' என்று கேட்டால், 'கோவேறு கழுதை குட்டி போடும்போது' என்பார்களாம். அதாவது, இந்த ஜென்மத்தில் இல்லை என்று அர்த்தம்.

குதிரைக்குக் கொம்பு முளைத்ததாக இன்றுவரை தகவல் இல்லை. ஆனால், கோவேறு கழுதை குட்டி போட்டுவிட்டது. 2007-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வளர்க்கும் ஒரு குடும்பத்தின் பண்ணையில் நடந்த சம்பவம் இது. மலைப் பாதைகளில் ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் கொண்டு போய்ச் சேர்ப்பது அந்தக் குடும்பத்தின் தொழில். அவர்களிடம் இருந்த 'கேட்' என்கிற பெண் கோவேறு கழுதையின் பக்கத்தில் ஒரு நாள் புதிதாக ஒரு குட்டி நின்றது.

குதிரைப் பண்ணைகளில் எதிர்பாராத குட்டி பிறப்பது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு பெட்டைக் குதிரையை விலைக்கு வாங்கும்போது அது ஏற்கெனவே சினையாக இருந்திருக்கும். விற்றவர் சொல்லியிருக்க மாட்டார், அல்லது அவருக்கே தெரிந்திருக்காது. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். முதல் சினை என்றால் சில குதிரைகளுக்கு வயிறு அவ்வளவாகத் தெரியாது. 'நல்ல தீனி, உடம்பு தேறியிருக்கு' என்று வீட்டில் பெருமைப்பட்டுக் கொண்டிருப்பார்கள். மடி கனத்து, காம்பு நுனியில் மெழுகுபோல் கட்டும்போதுதான் விஷயம் புரியும். அதைக் கவனிக்காமல் விட்டால், விடிந்ததும் குட்டியைத்தான் பார்க்க வேண்டும். பெட்டைக் குதிரைகள் பெரும்பாலும் இரவில், ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகுதான் ஈனும்.

ஆனால், கேட் குதிரை அல்ல. பெட்டைக் குதிரைக்கும் ஆண் கழுதைக்கும் பிறந்தது கோவேறு கழுதை. அது மலடு என்பது பள்ளிக்கூடப் பாடம். சினையாக இருக்குமோ என்று அதற்கு யாரும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில்லை. எனவே, குட்டியைப் பார்த்ததும் 'இது யாருடைய குட்டி?' என்ற கேள்விதான் முதலில் எழும்.

அந்தக் கேள்விக்கு ஒரு நியாயமும் உண்டு. பெண் கோவேறு கழுதைகளுக்குத் தாய்ப்பாசம் ரொம்ப அதிகம். தனக்குக் குட்டி இல்லாத ஏக்கமோ என்னவோ, பக்கத்தில் குதிரை ஈன்றால் அதன் குட்டியைத் தன்னோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பெற்றவளையே கிட்ட வரவிடாமல் உதைத்து விரட்டுவதும் நடக்கும். அதனாலேயே அனுபவசாலிகள், ஈனும் நிலையில் உள்ள குதிரைகளோடு கோவேறு கழுதைகளைச் சேர்த்துக் கட்டுவதில்லை. குட்டி பக்கத்தில் நிற்பதாலேயே கேட்தான் அம்மா என்று முடிவுகட்ட முடியாது.

இதை வெறும் வேடிக்கை என்று விட்டுவிடவும் முடியாது. மனிதக் குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடம் வாங்கிக்கொண்டு வருகிறது. குதிரை இனத்துக் குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு எல்லாமே சீம்பால்தான். நம் ஊர்களில் பசு கன்று போட்டால், கன்றுக்குப் போக மிஞ்சிய சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போமே, அதே சீம்பால். அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் உறிஞ்சிக்கொள்ளும் அவகாசம் ஏறத்தாழ ஒரே ஒரு நாள். அதிலும் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். பிறந்து 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்று குதிரை வளர்ப்பவர்கள் கணக்கு வைத்திருப்பது இதற்காகத்தான். பாசம் எவ்வளவு இருந்தாலும் திருடிய குட்டிக்குப் பால் கொடுக்க மடியில் பால் இருக்காது. நிஜ அம்மா யார் என்று உடனே தெரியாவிட்டால் பாதிப்பு குட்டிக்குத்தான்.

கேட் விஷயத்தில் சந்தேகத்தைத் தீர்க்கத் தாய், குட்டி இரண்டின் ரத்தமும் முடியும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. கேட் உண்மையிலேயே கோவேறு கழுதைதான், குட்டி உண்மையிலேயே அதனுடையதுதான் என்று முடிவு வந்தது.

இது ஏன் இவ்வளவு அரிது? குதிரைக்கு குரோமோசோம்கள் 64. கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு அம்மா வழியில் 32, அப்பா வழியில் 31, ஆக மொத்தம் 63. கருமுட்டை உருவாகும்போது இவை ஜோடி ஜோடியாகச் சேர்ந்து பிரிய வேண்டும். ஒற்றைப்படை என்பதால் ஒன்று தனியாக நிற்கும். மற்றவையாவது சரியாகப் பொருந்துமா என்றால் அதுவும் கிடையாது. வேறு வேறு செட் பாத்திரத்துக்கு வேறு வேறு செட் மூடியைப் போட்டுப் பார்க்கிற கதைதான். அதனால் கருமுட்டை பெரும்பாலும் உருவாவதே இல்லை.

அப்படியும் எப்போதாவது ஒன்று தப்பிப் பிழைக்கிறது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. 1920-களில் டெக்சாஸில் 'ஓல்டு பெக்' என்ற கோவேறு கழுதை இருந்தது. ஆண் கழுதையோடு சேர்ந்தபோது அதற்குக் கோவேறு கழுதை போன்ற பெண் குட்டி பிறந்தது. ஆண் குதிரையோடு சேர்ந்தபோது பிறந்த குட்டியோ, அசல் குதிரை போலவே இருந்தது. இத்தகைய கோவேறு கழுதை தன் அப்பா வழி வந்ததை ஒதுக்கிவிட்டு, அம்மா வழி வந்ததை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பாட்டி சொத்து அப்படியே பேரனுக்குப் போகிற மாதிரி!

அறிவியல் வருவதற்கு முன்னால் இப்படியொரு குட்டி பிறந்தால் ஜனங்கள் கொண்டாடவில்லை, பயந்தார்கள். ரோமாபுரியில் அதைக் கெட்ட சகுனம் என்று பதிவு செய்தார்கள். நம் நாட்டிலோ மகாபாரதத்திலும் பௌத்த நூல்களிலும் கோவேறு கழுதை கருத்தரித்தால் அது சாவதற்குத்தான் என்ற நம்பிக்கை உவமையாகவே வருகிறது. குலை தள்ளிய வாழையோடும், பூத்த மூங்கிலோடும் சேர்த்து அதையும் சொல்லிவிட்டார்கள்.

கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வது இன்னும் சுவாரசியம். பாரசீக மன்னர் டாரியஸ் பாபிலோன் நகரத்தை முற்றுகையிட்டிருந்தார். மதில்மேல் நின்ற ஒரு பாபிலோன்காரன், 'கோவேறு கழுதை குட்டி போடும்போதுதான் எங்கள் ஊரைப் பிடிப்பீர்கள்' என்று நக்கலடித்தான். முற்றுகையின் 20-வது மாதம், ஸோபிரஸ் என்ற பாரசீகப் பிரமுகரின் சுமை தூக்கும் கோவேறு கழுதை குட்டி போட்டது. ஸோபிரஸ் அதை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்த்தவர்களின் வாயைக் கட்டினார். பிறகு தன் மூக்கையும் காதையும் தானே அறுத்துக்கொண்டு, டாரியஸ் செய்த கொடுமை இது என்று சொல்லி எதிரி நகரத்துக்குள் தஞ்சம் புகுந்தார். அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். கதை முழுக்க உண்மையா என்பது வேறு விஷயம். அந்தக் குட்டி என்ன ஆனது என்று மட்டும் ஹெரோடோட்டஸ் எழுதவில்லை.

கேட்டுக்கு முன்பே, 1984-ல், நெப்ராஸ்கா மாநிலத்தில் 'க்ராஸ்' என்ற கோவேறு கழுதைக்கு ஒரு குட்டி பிறந்து, பரிசோதனையிலும் உறுதியானது. எப்போதோ அபூர்வமாக நடப்பதை ஆங்கிலத்தில் 'ப்ளூ மூன்' என்பார்கள். இனி இப்படி ஒன்று எங்கே நடக்கப்போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, குட்டிக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். க்ராஸ் அதன்பிறகு இன்னொரு ஆண் குட்டியும் போட்டது.